என் பேரில் எழுதிய சீட்டு

ஜூன் 4, திங்கள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தண்ணீர் காலை ஐந்தரைக்கு வந்து ஆறு பத்துக்கு நின்றது. குடம் பதினொன்று, தொட்டி முக்கால். சபைக் காணிக்கைக்குப் பிடி அரிசி எடுத்து வைத்தேன். அத்தானுக்கு நான்கு தோசை, எனக்கு இரண்டு. மகள் ஹெப்சிக்கு இரண்டு வைத்தேன், அரை போனது.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். ஹெப்சி இன்றும் போகவில்லை. தலைவலி என்று தலைமை ஆசிரியைக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். தலைவலி இல்லை. என்னவென்று எனக்கும் தெரியவில்லை. அவள் தலைக்குக் குளித்து இன்றோடு பத்தொன்பது நாள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எழுப்பி உட்கார வைத்தால் உட்காருகிறாள். கையை எடுத்தால் சாய்ந்துவிடுகிறாள்.

அத்தான், என் வீட்டுக்காரர், சபைக் கமிட்டிக்குச் செயலாளர். ஓய்வு பெற்றபிறகு கோயில் அலுவலகமே கதி. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள்: "பொம்பளப் பிள்ளைய இப்படிப் படுக்கப்போட்டு வச்சிருக்க. வேலை இல்லாததாலதான் இந்தக் கெடப்பு. ரெண்டு வேலையக் குடு, சுகிர்தம்."

கீரை ஆயக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு தண்டு ஆய்ந்திருந்தாள். மீதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

ஜூன் 7, வியாழன்

புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஹெப்சி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தானாக எழுந்து வந்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

"எம்மா, என்னய ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

"எந்த டாக்டர்ட்ட?"

"மனசுக்குப் பாக்கிற டாக்டர்ட்ட. நாகர்கோவில்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. ஷீபா டீச்சர் தங்கச்சி அவங்கட்டதான் பாத்தா."

முதலில் ஜன்னலைச் சாத்தினேன். பிறகுதான் பேசினேன்.

"ஆஸ்பத்திரி சீட்டுல ஒன் பேரு விழுந்துச்சுன்னா அவ்வளவுதான். நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் மொத வேலையா அதத்தான் தோண்டுவான்."

"ஆஸ்பத்திரி என்ன கெணறா, வாரவன் போறவன்லாம் தோண்டுததுக்கு?" இந்த நிலைமையிலும் அவளுக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை.

"சரி. ஷீபா டீச்சர் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தியா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "முடியலம்மா" என்றாள். பெற்ற வயிறு. புளித்தண்ணீர் கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஆண்டவர் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"நான் போறேன். என் பேர்ல சீட்டுப் போடுதேன். ஒனக்கு என்னென்ன செய்யுதுன்னு சொல்லு, எனக்குச் செய்யுதுன்னு சொல்லி மாத்திரைய வாங்கிட்டு வாரேன். எனக்கென்ன, இனிமே கல்யாணமா ஆகப்போவுது?"

முழங்காலிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒனக்கு நடிக்கத் தெரியுமா?"

"அதுல என்னட்டி நடிப்பு இருக்கு" என்றேன்.

ஜூன் 9, சனி

அவள் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டேன். மொத்தம் ஒன்பது. தூக்கம் கெட்டது, பசி இல்லை, காரணமில்லாத அழுகை, கைகால் கனம், யாரையும் பார்க்கப் பிடிக்காதது, கணக்குப் போட வராதது, சத்தம் தாங்காதது, குளிக்கத் தோன்றாதது. ஒன்பதாவதை அவள் வாயால் சொல்லவில்லை. தாளை வாங்கி அவளே எழுதினாள். உயிரைப் பற்றியது, இங்கே எழுதமாட்டேன்.

ஜூன் 12, செவ்வாய்

முட்டுவலிக்கு எண்ணெய் வைத்தியம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் ஏழே காலுக்கு நாகர்கோவில் பஸ் ஏறினேன். குழம்பும் கூட்டும் வைத்துவிட்டுத்தான் போனேன். பொய் சொன்னதற்கு வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

டாக்டர் பேர் நூர்ஜஹான். சின்ன வயது, நாற்பது இருக்காது. தலையில் முக்காடு, முகத்தில் அவசரமே இல்லை. நான் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரும்போது கை நீட்டித் தாளை மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

"பேப்பரைப் பாக்காம சொல்லுங்கம்மா. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

அதற்குப்பிறகு நாற்பது நிமிஷம் பேசினேன். சுவர்க் கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். தாளில் உள்ள ஒன்பதும் சொன்னேன். அதற்கு மேலும் என்னென்னவோ சொன்னேன். நம்பும்படியாக இருக்கட்டும் என்று சேர்த்ததுதான். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள், அதற்கும் ஏதோ சொன்னேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

மாதவிலக்கு நின்றுவிட்டதா என்றார்கள். ஒரு வருஷம் ஆகிறது என்றேன். இந்த வயதில் சிலருக்கு இப்படி வரும் என்று எழுதிக்கொண்டார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா? இல்லை என்றேன். என் அம்மா கடைசி ஆறு வருஷம் யாரிடமும் பேசாமல் இருந்தார்கள். அது நோயில் சேராது. வீட்டு வேலை முழுவதும் அவர்கள்தான் செய்தார்கள்.

இன்னொரு கேள்வி. "எப்பவாவது சில நாள் தூக்கமே தேவைப்படாம, அளவுக்கு மீறி சந்தோஷமா, பேச்சு நிக்காம, ஒடம்பெல்லாம் சுறுசுறுப்பா இருந்துருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி ஒரு நாள்கூட இருந்தது இல்ல டாக்டர்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆரல்வாய்மொழி காற்றாடிகளைத் தாண்டுகிற இடத்தில்தான் நினைவு வந்தது. கல்லூரி இரண்டாம் வருஷக் கிறிஸ்மஸுக்கு ஹெப்சி நான்கு நாள் கண் மூடாமல் இருநூறு காகித நட்சத்திரம் வெட்டித் தெருவெல்லாம் கட்டினாள். விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிப் பூக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைத்தான் கேட்டார்கள், நான் எனக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது சந்தோஷம், நோய் இல்லை. சொல்லவேண்டியதில்லை.

மாத்திரை இருபத்தொன்று. காலையில் ஒன்று. மூன்று வாரம் கழித்து வரவேண்டும்.

ஜூன் 13, புதன்

முதல் மாத்திரை கொடுத்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த மருந்துத் தாளை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இங்கிலீஷ் முழுவதும் மருந்துப் பெட்டியிலும் உர மூட்டையிலும் நானாகக் கற்றதுதான். மத்தியானம் வரை ஒரு பக்கம் முடிந்தது. வாந்தி வரலாம், வாய் உலரலாம். மற்ற பக்கத்தை ஆற அமரப் பார்க்கவேண்டும்.

மீதி இருபது.

ஜூன் 16, சனி

அத்தான் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. பத்து மணிக்குச் சாயர்புரத்திலிருந்து வசந்தா மைனியும் அவர்கள் வீட்டுக்காரரும் மகனுக்குப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பையன் பேர் ஜெபின், சென்னையில் வேலை, வீடியோவில் பேசினான். நல்ல முகம். அரை மணி நேரத்தில் ரவா கேசரி கிண்டினேன். ஹெப்சிக்கு நானே முகம் கழுவி, நானே சேலை உடுத்தி, பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. கேட்டதற்கு ஆமா, இல்லை. வேறு ஒரு வார்த்தை கிடையாது.

கெட்டது காரியம் என்று நினைத்தேன். வசந்தா மைனி அடுக்களைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மைனி, இந்தக் காலத்துல இப்படி ஒரு அமைதியான பிள்ளையா! நாங்க பாத்த நாலு பொண்ணும் எங்களயே இன்டர்வியூ எடுத்துட்டாளுவ. எங்களுக்கு இந்த அடக்கந்தான் வேணும்."

கல்யாணம் ஆகஸ்ட் 27, திங்கள். கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கவேண்டும். ஜூலை கடைசியில் ஆரம்பிக்கலாம் என்று அத்தான் அங்கேயே நாள்காட்டியில் வட்டம் போட்டார்கள்.

அவர்கள் போனபின்பு ஹெப்சி சேலையோடு படுத்துவிட்டாள். "என்னய பாத்துதான் புடிச்சிருக்குன்னாங்களாம்மா?" என்று சுவரைக் கேட்டாள்.

மீதி பதினேழு.

ஜூலை 3, செவ்வாய்

நாகர்கோவில். கொஞ்சம் தேவலை என்றேன். டாக்டர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "வீட்டுல ஒங்ககூட யாராவது பேசுறாங்களா?" என்றார்கள். "எல்லாரும் பேசுவாங்க" என்றேன். இதே அளவைத் தொடரச் சொன்னார்கள். "நீங்களா கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க." மாத்திரை முப்பது.

ஜூலை 4, புதன்

உட்கார்ந்து யோசித்தேன். இது ஐம்பத்தொரு வயது உடம்புக்கு எழுதிய அளவு. ஹெப்சி இளம் ரத்தம். கஷாயமானாலும் கிழவிக்குக் கால் டம்ளர் என்றால் குமரிக்கு அரை டம்ளர். கல்யாணத்துக்கு எட்டு வாரம்கூட இல்லை. முழங்காலில் நின்று கேட்டேன். மனசில் சமாதானம் வந்தது.

இன்றிலிருந்து இரண்டு.

ஜூலை 14, சனி

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. நூற்றுப் பத்துப் பேர் சாப்பிட்டார்கள். ஹெப்சி தானாகத் தலை பின்னிக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் தானே காப்பி கொடுத்தாள். கழுவின டம்ளர்களை ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அடுக்கினேன்.

ஜூலை 20, வெள்ளி

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். காலை நான் எழும்பும் முன்னே முற்றம் தெளித்து, பாத்திரம் துலக்கி, பரணிலிருந்த வெண்கலப் பானைகளை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வரிசையாக வைத்திருந்தாள். ஒன்பது பானை. பாடிக்கொண்டே தேய்த்தாள். ஜெபினோடு போனில் சிரிப்பு ஓயவில்லை. அத்தான் சொன்னார்கள்: "நான் அன்னைக்கே சொன்னம்லா, கல்யாணம்னு ஒண்ணு ஆனா எல்லாம் சரியாப் போவும்னு."

மாத்திரை தீர்ந்துவிட்டது. நாகர்கோவில் போக நேரமில்லை, அத்தானையும் கூட்டிப்போக வழியில்லை. பழைய சீட்டைக் காட்டி வேறு தெரு மருந்துக்கடையில் அறுபது வாங்கினேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னேன். என்ன நன்மை என்று சொல்லவில்லை. ஒரு பெரிய நன்மை என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 29, ஞாயிறு

முதல் ஓலை. போதகர் ஐயர் அவள் பேரை வாசித்தபோது ஹெப்சி சத்தமாகச் சிரித்துவிட்டாள். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 1, புதன்

என் சேலை ஆறு காணவில்லை. தெரு பெருக்க வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாளாம். "ஒனக்கு எதுக்கும்மா இவ்வளவு? நீ எங்க போற?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பேச்சு ரொம்ப வேகம். ஒன்றைக் கேட்டால் ஐந்துக்குப் பதில் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புதுவிதமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வழி கண்டுபிடித்திருக்கிறாளாம். ஹால் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறாள். துடைத்தேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஆட்டுக்கறி ஒரு கிலோ. வசந்தா மைனி போன். "பொண்ணு பகல்ல இருபது தடவ பேசுதாளாமே மைனி, எம்மவன் ஆபீஸ்ல வேலை பாக்க முடியலன்னு செல்லமா சலிச்சுக்கிடுதான்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள், நான் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

மூன்று நாளாக ஹெப்சி படுக்கவில்லை. கண் சிவந்து கிடக்கிறது, உடம்பில் அலுப்பே இல்லை. நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது வந்து என் இரண்டு கையையும் மாவோடு பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது.

"எம்மா, எனக்குள்ள என்னமோ ஓடுது, நிறுத்த முடியல. அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போம்மா. இந்தத் தடவ நானே வாரேன். நானே சொல்லுதேன்."

"கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை முடியட்டும்."

"அதுக்குள்ள நான் வெடிச்சிருவேன்."

"நாலே நாளுதான பிள்ள. பொறு."

கையை விட்டாள். அவள் விரல் பதிந்த மாவை மறுபடி பிசைந்தேன். முறுக்கு நூற்று இருபது.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அது நடக்காததாகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனையில்தான் மூன்றாவது ஓலை. ஐயர் ஓலையை எடுத்து எல்லாவற்றையும் வாசித்து முடித்தார்கள். கடைசியில் வழக்கம்போல, இவர்கள் இருவரும் திருமணத்தால் இணைக்கப்படக் கூடாதென்பதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கவேண்டும் என்றார்கள். அந்த இடத்தில் யாரும் வாய் திறந்து என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கத்தில் என் அருகிலிருந்த ஹெப்சி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் ஐயரே."

விளையாட்டு என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"நான் மாத்திரை சாப்பிடுதேன். மனசு சரியில்லாதவங்க சாப்பிடுத மாத்திரை. ஆனா சீட்டுல எங்க அம்மா பேருதான் இருக்கு. ஞானசுகிர்தம், வயசு அம்பத்தொண்ணு. அப்ப ஓலையிலயும் எங்கம்மா பேரத்தான ஐயரே வாசிக்கணும்? மாப்பிள்ளைட்ட சொல்லிருங்க, பொண்ணு மாறிப்போச்சுன்னு!"

சேலையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு நடுவழியில் ஓடினாள். ஐயர் பக்கத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பிறகு பாடினாள். பிறகு அவள் அப்பா கமிட்டியில் செய்த சின்னச் சின்னக் காரியங்களை எல்லாம் சொன்னாள். நிற்கவே இல்லை. அத்தான் ஆண்கள் பக்கத்திலிருந்து எழும்பவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் ஓடி அவள் வாயைப் பொத்தினேன். கோயில் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் பொத்தினேன். என் உள்ளங்கையில் பல் பதிந்திருக்கிறது. நான்கு.

ஆகஸ்ட் 16, வியாழன்

பிள்ளையை உள்ளறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி அத்தானிடம். பிள்ளைக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் என்று அத்தான் சொல்லிவிட்டார்கள். உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

வசந்தா மைனி போன் செய்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "எங்கள ஏமாத்திட்டியளே மைனி" என்று அழுதார்கள். அவ்வளவுதான்.

மத்தியானம் ஐயரின் மனைவி ஐயரம்மா வந்தார்கள். ஜெபிக்க வந்திருக்கிறார்கள் என்று பாயை விரித்தேன். உட்காரவில்லை.

"ஜெபத்த நான் எங்க வீட்டுல இருந்தே பண்ணிக்கிடுவேன். நீங்க மொதல்ல கதவத் தெறங்க. ஆஸ்பத்திரிக்குக் காருக்குச் சொல்லவா?"

"கமிட்டியில எல்லாரும் என்ன சொல்லுவாங்க, அம்மா?" என்றார்கள் அத்தான்.

"அவங்கதான் ஞாயித்துக்கெழமையே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டாங்களே, அண்ணாச்சி. இனி புதுசா என்னத்தச் சொல்லப்போறாங்க?"

அத்தான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

நாகர்கோவில். அத்தான் காரில் முன்னால் உட்கார்ந்து வந்தார்கள், இறங்கவில்லை. ஹெப்சியை நானும் டிரைவரும் பிடித்துக் கூட்டிப்போனோம். பேர் எழுதுகிற இடத்தில் கேட்டபோது நான் பைக்குள் எதையோ தேடினேன். அவளே சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல: "ஹெப்சிபா. இருபத்தஞ்சு."

ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார்கள் என்று காத்திருந்தேன், போடவில்லை.

"இந்த நோய்க்கு ரெண்டு பக்கம் இருக்கும்மா. கீழ எறங்குறது, மேல ஏறுறது. எறங்குனதுக்கு மட்டும் மருந்து குடுத்தா சில பேரை மேல தூக்கி அடிச்சிரும். அதுக்குத்தான் அந்தக் கேள்விய ஒங்கள்ட்ட கேட்டேன். தூக்கமில்லாம, அளவுக்கு மீறி சந்தோஷமான்னு. நீங்க சிரிச்சீங்க."

"என்னயத்தான கேக்கீங்கன்னு நெனச்சேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று எனக்கே உறைத்தது.

என் பேரில் இருந்த ஃபைலை எடுத்தார்கள். "இதுல எது ஒங்களோடது, எது அவளோடதுன்னு சொல்லுங்க. ரெண்டாப் பிரிக்கணும்."

"எல்லாம் அவளோடதுதான், டாக்டர்."

ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்கள். "இதுவுமா?"

"இதுவும்."

ஃபைலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு அந்தத் தாள்களை எடுத்து ஹெப்சியின் புது ஃபைலில் சேர்த்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 18, சனி

பெண் நோயாளிக்குத் துணைக்குப் பெண் ஆள் இருக்கவேண்டும். நான் பாய், தலையணை, பிளாஸ்க் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். ஹெப்சி கண் விழித்து நர்ஸிடம் சொன்னாள்: "அவங்க வேண்டாம். வேற யாராவது வைங்க."

அவங்க.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆயாவை வைத்தார்கள். நான் பஸ்ஸில் பாயோடு திரும்பினேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு இட்லி ஆறு, எள்ளுப்பொடி. வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. கை ஆடுகிறது, மருந்தினால் என்கிறார்கள். மருந்தின் அளவு பார்க்க வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 27, திங்கள்

மழை இல்லை. தண்ணீர் வரவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

செப்டம்பர் 4, செவ்வாய்

காலையில் கிளம்பும்போது அத்தான், "ஆறு மணிக்கு முந்தி வந்துரு. கமிட்டி ஆளுக வாராங்க, காப்பி போடணும்" என்றார்கள். செயலாளர் பொறுப்பை விடவேண்டியதில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்களாம். தகப்பனுக்கு என்ன செய்யத் தெரியும், வீட்டுப் பெண்கள் மறைத்த காரியம் என்று பேசிக்கொண்டார்களாம்.

இன்று ஹெப்சி நடந்து வெளியே வந்தாள். புறநோயாளிகள் உட்காரும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். முகம் உப்பியிருந்தது, ஆனால் கண் அவளுடைய கண். வியாழக்கிழமை விடுகிறார்களாம். வீட்டுக்கு வரவில்லையாம். ஷீபா டீச்சருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் இந்த ஊரிலேயே இருக்கிறது, அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பாளாம்.

"எல்லார்ட்டயும் என்ன சொல்லட்டும்?" என்றேன்.

"உள்ளதச் சொல்லு."

சோற்றுத் தூக்கைத் திறந்தேன். மூடியை அவளே திரும்ப வைத்தாள்.

"எம்மா, என் ஃபைல வாசிக்கக் கேட்டேன், டாக்டர் குடுத்தாங்க. அதுல மொத நாலு பக்கம் நீ சொன்னது. ஒண்ணு கேக்கேன். 'அடுக்களையில நிக்கும்போது, அடுப்ப அணைச்சிட்டு அப்படியே நடந்து போயிரணும்னு தோணும். எங்கன்னு தெரியாது. ரோடு முடியுத வரைக்கும்'னு எழுதியிருக்கு. நான் என்னைக்கும்மா அடுக்களையில நின்னுருக்கேன்? எனக்கு ஒழுங்கா ரசம் வைக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

"ஏதோ பேச்சுக்குச் சேத்துச் சொன்னது."

"எப்பத்துல இருந்துன்னு கேட்டதுக்கு, கல்யாணமான நாள்ல இருந்துன்னு போட்டுருக்கு. எனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?"

நான் தூக்கின் கைப்பிடியைத் துடைத்தேன். "டாக்டர் தப்பா எழுதியிருப்பாங்க."

"இருபத்தேழு வருஷம்னு எண்ணிச் சொல்லியிருக்க. நீ கணக்குல தப்பு விடமாட்ட."

பெஞ்சில் இன்னும் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மாமியாரோடு, ஒருத்தி முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு. குரலைத் தணித்துக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லட்டி. நான் நல்லாத்தான் இருக்கேன். எல்லா வேலையும் செய்யுதேன்லா?"

ஹெப்சி என் கையை எடுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். தழும்பு மங்கிவிட்டது. அதன்மேல் தன் ஆடுகிற விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒன் பேர்ல டோக்கன் போட்டுருக்கேன். பதினேழு. கூப்பிடுவாங்க, போ. எனக்காக இல்ல. எனக்கு நான் சொல்லிட்டேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். வார்டுக் கதவு ஆடி நின்றது.

பதினாலு கூப்பிட்டார்கள். பதினைந்து. பதினாறு அந்த முக்காட்டுப் பெண். போய்ப் பத்து நிமிஷத்தில் வந்தாள், முகம் திறந்திருந்தது.

நர்ஸ் வாசலில் வந்து நின்று, "ஞானசுகிர்தம்" என்றாள்.

நான்கு இருபது பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆறுக்கு முன்னால் வீடு சேரலாம். மணி மூன்று ஐம்பது. உள்ளே போய் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், தாளும் இல்லை, சொல்வதற்கு இன்னொருத்தி பேரும் இல்லை.

"ஞானசுகிர்தம்! பாளையங்கோட்டை ஞானசுகிர்தம் இருக்கீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் யார் அது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு நர்ஸ் பதினெட்டுக்குப் போனாள்.